வார்டு வாசல் உத்தியோகம்

நோயாளிக்குக் கூட இருப்பது விண்ணப்பம் போடாமலே கிடைக்கிற உத்தியோகம். மேலதிகாரி யார் என்று கடைசிவரை தெரியாது, லீவு கேட்கவும் பயமாக இருக்கும்.

எனக்கு வேறு உத்தியோகமும் உண்டு. குளத்தூரில் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார். வீடு ஆவூருக்குத் தெற்கே, கோயிலும் கல்லறையும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு சின்னக் கிறிஸ்தவ ஊரில். ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஈஸ்டர் முடிந்த கையோடு, என் மனைவி சூசையம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்று என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தது என்று திருத்திக்கொள்கிறேன். அவள் பிழைக்க வேண்டும். பிழைக்கிற வரைக்கும் அவளுக்கு விஷயம் தெரியக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

திருச்சி டாக்டர் சொன்னது

டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டு பேசினார். படித்தவர் என்பதால் என்னிடம் முழுசாகச் சொல்வதாகச் சொன்னார். படித்ததற்காக அன்றைக்குத்தான் முதன்முதலாக வருத்தப்பட்டேன். மதராஸில் ரேடியம் வைக்கிறார்கள், உடனே போங்கள், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

வெளியே வந்தேன். "உள்ளுக்குள்ள ஒரு புண்ணாம். மதராஸ்ல மருந்து வெச்சா ஆறிரும்" என்றேன். என் குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ஊருக்கு பஸ் ஏறினோம். கீரனூர் தாண்டுகிற வரைக்கும் பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஒரு புண்ணுக்கு மதராஸ் வரைக்கும் போறவுக இந்தச் சுத்துப்பட்டுல நாமளாத்தாங்க இருப்போம்."

ஆசாரி கண்

எங்கள் ஊரில் இறந்தவர்களைப் பெட்டியில் வைத்துத்தான் அடக்கம் செய்வது. பெட்டி செய்வது சவரிமுத்து ஆசாரி. மற்ற நாளில் அவரே கதவும் செய்வார், கலப்பையும் செய்வார். மதராஸுக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம், மாட்டுக் கொட்டகைக் கதவு தொங்குகிறது என்று அவரைக் கூப்பிட்டேன். நான் செய்த தப்பு அது. கதவு இன்னும் ஒரு மாதம் தொங்கியிருக்கலாம்.

சூசையம்மாள் மோர் கொண்டு வந்து கொடுத்தாள். செம்பை வாங்கும்போது அவர் கண் அவள் உச்சியிலிருந்து பாதம் வரை நிதானமாக ஒரு தடவை இறங்கியது. பிறகு தோளுக்குத் தோள் குறுக்கே ஒரு தடவை. கெட்ட பார்வை இல்லை. தராசில் ஒன்றை வைத்துவிட்டு முள்ளைப் பார்க்கிற பார்வை. பிறகு தன் அளவு நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார். கொட்டகைக் கதவை அவர் இன்னும் தொடவேயில்லை.

அவள் உள்ளே போன பிறகு, "எதுக்கு முடிச்சு?" என்று கேட்டேன். மோரைக் குடித்து முடித்து, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்: "அஞ்சடி ரெண்டங்குலம் இருப்பாகளா சார்? கதவுக்குத்தான் கேக்குறேன், வேற ஒண்ணுமில்ல."

இருட்டு அறை

மதராஸ் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தவர்களுக்குத் தனி அறை. கூட இருக்கிறவர்கள் வாசலோடு நிற்க வேண்டும், அதுவும் சில நிமிஷம்தான். வராந்தாவில் மற்ற புருஷன்மார்களுக்கு ரேடியத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். அது பாதியாகக் கரைவதற்கே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும் என்றேன். எல்லோரும் வார்டுக் கதவைப் பார்த்தார்கள். அன்றைக்கு அதோடு பிரசங்கம் முடிந்தது.

மறுநாள் பகலில், வெயிலுக்காக ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள். வாசலில் நின்றேன். உள்ளே கட்டில் இருப்பதே மங்கலாகத்தான் தெரிந்தது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, ரேடியம் கடியாரத்து முள்ளு இருட்டுல மினுங்கும்பீங்களே. நான் மினுங்குறேனா, பாத்துச் சொல்லுங்க." அபத்தம் என்றேன். கடிகாரத்தில் பூசுகிற கலவை வேறு, இது உலோகக் குழாய்க்குள் இருக்கிற ஊசி, வெளிச்சம் வராது என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவள் வயிறு இருக்கும் இடத்தை நன்றாகப் பார்த்தேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் உண்டு. அங்கே என்ன தெரிந்தது என்பதை மட்டும் எழுத மாட்டேன்.

பின்னால் நின்ற ஆயா என் முழங்கையைத் தொட்டு வெளியே திருப்பினாள். "எல்லா வூட்டுக்காரரும் பாக்குறாங்க சார். ஒண்ணும் தெரியலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

குடுமியான்மலை ராமையா

வராந்தாவில் நம் பக்கத்து ஆள் ஒருவர் கிடைத்தார். குடுமியான்மலை ராமையா, கடலை விவசாயி. மனைவியை இதே வார்டில்தான் சேர்த்திருந்தார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்துக்குச் சரியாக வந்து என் பக்கத்தில் உட்காருவார். கையில் மூடி போட்ட தூக்கு. "வீட்டுல எப்படி இருக்காக?" என்று முதலில் என்னை விசாரிப்பார். நான் சொன்ன பிறகு அவர் வீட்டம்மாளைப் பற்றி விசாரிப்பேன். "இப்ப வலி இல்லைங்க" என்பார். பத்து நாள் போல இதே கேள்வி, இதே பதில். வலியில்லாமல் பத்து நாள் என்றால் ரேடியம் நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. அவர் மனைவியை வைத்துச் சூசையம்மாளின் நிலைமையைக் கணக்குப் போட ஆரம்பித்தேன். சயன்ஸ் வாத்தியார் செய்யக் கூடாத காரியம்.

ஒருநாள் நர்ஸிடம், குடுமியான்மலை அம்மாளை எப்போது வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த அம்மாள் இறந்து இரண்டு வாரம் ஆகிறதாம். மதராஸிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். திரும்பி வந்தேன். ராமையா அதே இடத்தில் இருந்தார். தூக்கைத் திறந்து பார்த்தேன் என்று நினைக்காதீர்கள், அந்தத் தைரியம் எனக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"ஊருக்குப் போகலாம்தான் சார். நாலு மணியானா காலு தானா இங்கிட்டு வந்துருது" என்றார்.

சொல்லாமல் போனவர்கள்

செப்டம்பரில் ஊர் திரும்பினோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அவளிடம், புண் ஆறிவிட்டது என்று நான் சொல்லியிருந்தேன். பாதியாக இளைத்திருந்தாள். பார்க்க வருகிறவர்கள் காலையிலிருந்து வந்தார்கள். கூடத்தில் பாயில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். காபி கொடுத்தால் வேண்டாம் என்றார்கள்.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. வந்தவர்கள் ஒருவர்கூட "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. திடீரென்று எழுந்திருப்பார்கள். வாசலைப் பார்த்து நடப்பார்கள். இழவு வீட்டிலிருந்து மட்டும்தான் நாம் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாய் மறைத்தாலும் கால் தன் பழக்கத்தில் நடக்கிறது. என் மதினி, அதாவது அண்ணன் பெண்சாதி லூர்தம்மாள், அதே மாதிரி எழுந்து வாசல்படி இறங்கிவிட்டாள்.

பாயிலிருந்து சூசையம்மாள் குரல் கொடுத்தாள், ரொம்பச் சாதாரணமாக. "என்னக்கா, சொல்லாமப் போறீங்க?" மதினி படியிலேயே நின்றுவிட்டாள். திரும்பவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆத்தாடி, நீ உள்ள இருக்கிறதையே மறந்துட்டேன் புள்ள!"

கல்லறைத் திருநாள்

நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் ஊரில் எல்லோரும் கல்லறைக்குப் போவோம். சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப்பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். இறந்தவர்கள் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, முந்தின வாரமே கோயில் வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். உபதேசியார் இன்னாசிமுத்து, சாமியாருக்கு உதவியாக ஊரில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர், அதையெல்லாம் நோட்டில் எழுதி, கல்லறையில் நின்று வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஜனங்கள் "இளைப்பாறக்கடவது" என்று பதில் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லியும் சூசையம்மாள் வந்தாள். வெயில் தாழ்ந்த நேரம். காற்று இல்லை, மெழுகுவத்திச் சுடர்கள் நெட்டுக்குத்தலாக நின்றன. உபதேசியார் வாசித்துக்கொண்டே போனார். அந்தோணியம்மாள். இளைப்பாறக்கடவது. சந்தியாகு. இளைப்பாறக்கடவது. அப்புறம் அதே ராகத்தில், "சூசையம்மாள், வாத்தியார் ஞானப்பிரகாசம் பெண்சாதி."

ஞானப்பிரகாசம் நான்தான். கல்லறை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. குனிந்து பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்தபடியே பார்த்தார்கள். அவள் கையில் மெழுகுவத்தி ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. மேல்நோக்கி விழுந்த அந்த வெளிச்சத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவள் முகம் தெரிந்த முகமாக இல்லை. அப்போது அவள் வாயைத் திறந்து, தெளிவாக, "இளைப்பாறக்கடவது" என்றாள். சொன்னதும் பழக்க தோஷத்தில் ஊரே சேர்ந்து சொன்னது. நானும் சொன்னேன்.

முடிந்ததும் உபதேசியாரைக் கையும் நோட்டுமாகப் பிடித்தேன். அவருக்கு வியர்த்து வழிந்தது. எந்தத் துண்டைப் பார்த்து எழுதினீர் என்று கேட்டேன். நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கட்டம் போட்ட தாள். கிராஃப் போடுவதற்காக நான் வாங்கி வைத்திருப்பது. "அவுக உசிரோட இருக்கிறது தெரியும் சார். ஆனா இந்தத் தாளு ஒங்க வீட்ல மட்டுந்தானே இருக்கு? வாத்தியார் வீட்டுத் தாள்ல தப்பு இருக்காதுன்னு அப்படியே எழுதிட்டேன்."

கையெழுத்து

அந்தத் தாளிலிருந்த எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. கல்யாணமான புதிதில் நானே கைபிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"நீயா போட்டே?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"திருச்சி டாக்டரு ரூமை விட்டு நீங்க வெளிய வந்தப்பவே எனக்குத் தெரியும். புத்து. எங்க சின்னாத்தாளுக்கு வந்ததுதான். ஏழு மாசமா ஆசாரி கண்ணால சொல்லியாச்சு, ஒங்க மதினி காலால சொல்லியாச்சு. வாயைத் தொறந்து ஒருத்தரும் சொல்லல. எப்படித்தான் இருக்கும்னு ஒரு தடவ சத்தமாக் கேட்டுரலாமுன்னு இருந்துச்சு."

பயமாக இருந்ததா என்று கேட்டேன். "பேரு வாசிச்சப்ப இருந்துச்சு. நீங்களும் சேந்து இளைப்பாறச் சொன்னீங்க பாருங்க, அப்பச் சிரிப்பு வந்துருச்சு" என்றாள். அன்றைக்கு முதல்முறையாக டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன், ஆறு மாதக் கெடு உட்பட. தெரியாத இரண்டு விஷயங்களை மட்டும் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கெடு தாண்டியது. டாக்டர் இன்னொரு கெடு கொடுத்தார், அதுவும் தாண்டியது. அடுத்த நவம்பர் வந்தபோது உபதேசியார் நோட்டும் பேனாவுமாக வீட்டு வாசலில் வந்து நின்றார். போன வருஷப் பட்டியலைப் பார்த்துத்தான் புதிய பட்டியல் எழுதுவது அவர் வழக்கம். அந்தப் பெயரை அடித்துவிடட்டுமா என்று என்னைத்தான் கேட்டார். அடியுங்கள் என்று நான் சொல்வதற்குள், உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் குரல் கொடுத்தாள்:

"இருந்துட்டுப் போகட்டும் உபதேசியாரே. அடிச்சா அப்புறம் திரும்ப எழுதணும்ல!"

இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. நவம்பருக்கு நவம்பர் மனைவியின் பெயருக்கு ஊரோடு சேர்ந்து "இளைப்பாறக்கடவது" சொல்லிவிட்டு, அவள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்து வந்து, அவள் போட்ட காபியைக் குடிக்கிற உத்தியோகம் குளத்தூர்த் தாலுகாவில் என் ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது.