இனிப்பு நீரும் ரப்பர் பட்டையும்

தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்பது எனக்கு ஒரு கிரகப்பிரவேச வீட்டில்தான் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் பந்தியில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் நகர்ந்த பிறகு சுவர்ப்பக்கம் ஊர்ந்துபோய், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன், அதுபோதும் என்றுதான் அதுவரை இருந்தேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"எக்சர்சைஸ் ஏதும் செய்றீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் லைன் வீட்டிலிருந்து தேயிலை ஃபேக்டரிக்குப் போக ஒரு மேடு ஏற வேண்டும். போனால் வேலை முடியும்வரை சலிக்கும் மிஷின் பக்கத்தில் நின்றபடிதான். "தினமும் மலை ஏறுறேன் டாக்டர். இதுக்கு மேல என்னா செய்றது?"

"நடக்கிறது நல்லதுதான்மா. ஆனா உங்க சதை கரைஞ்சிக்கிட்டே வருது. அதுக்குப் பாரம் கொடுத்தாத்தான் நிக்கும்" என்று சொல்லி என்னைப் பிசியோ அறைக்கு அனுப்பினார்.

அங்கே எனக்கு முன்பே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. பக்கத்து வீடு, நடுவில் ஒற்றைச் சுவர். ஆனால் என் மகள் கல்யாணத்திலிருந்து பேச்சு கிடையாது. நேரில் வந்து அழைக்கவில்லை என்பது அவள் கட்சி. வந்தேன், கதவு பூட்டியிருந்தது என்பது என் கட்சி. அவளுக்கும் இனிப்பு நீர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிசியோ ஒரு மலாய்ப் பெண். எங்கள் குடும்ப வழக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? எங்களை எதிரெதிரே நாற்காலியில் உட்காரவைத்து, தடித்த ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்து ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். நான் இழுத்தால் ஓரகத்தி தாங்க வேண்டும், அவள் இழுத்தால் நான். விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. அன்று நாங்கள் இழுத்த இழுப்பைப் பார்த்து, "பாகுஸ், மக்சிக், பாகுஸ்!" என்று பிசியோ கைதட்டினாள்; பிரமாதம் பெரியம்மா என்று அர்த்தம். அதன்பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, மணல் நிரப்பிய எண்ணெய்ப் போத்தலைத் தோளுக்கு மேல் தூக்குவது.

மறுநாள் உடம்பெல்லாம் ரணம். தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்து அடுத்த வகுப்புக்குக் கிளம்பாமல் இருந்தேன். வாசலில் ஓரகத்தி வந்து நின்றாள்.

"வரலியா?"

"உடம்பு வலிக்குதுக்கா."

"எனக்கு மட்டும் என்னா, இனிக்குதா? அந்தப் பட்டைய நான் தனியா செவுத்துல கட்டியா இழுக்கிறது? கெளம்பு லா. பஸ் போயிடும்."

அவள் முன்னே நடந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

வலியைப் பற்றிப் பிசியோவிடம் கேட்டேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு மலாயில் பொறுமையாக விளக்கினாள். தசை முழுக்கப் புரதம்தான். சூடோ சிரமமோ தாக்கினால் அந்தப் புரதங்கள் உருக்குலையும். அவற்றைத் தாங்கிப் பிடித்துச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர உடம்பே வேறு சில புரதங்களைச் செய்துகொள்கிறது. அழுத்தம் வந்தால் வேலைக்கு வருவதால் அவற்றுக்கு அழுத்தப் புரதங்கள் என்று பெயர். இனிப்பு நீர் நாள்பட்டால் பலருக்கு அவை குறைந்துபோகும். கூடவே, வெளியில் தெரியாத ஒரு மெல்லிய அழற்சி உடம்புக்குள் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். சதையைக் கரைப்பதிலும் சர்க்கரையை உள்ளே வாங்கவிடாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

"அப்போ இந்த வலி?"

இதுவும் அழற்சிதான், ஆனால் வந்துவிட்டுப் போய்விடும் என்றாள். பாரம் தூக்கும்போது தசை திணறுகிறது. அந்தத் திணறலில்தான் காவலுக்கு அந்த அழுத்தப் புரதங்களைச் சேர்க்கிறது. விடாமல் செய்தால் அந்த மெல்லிய அழற்சியும் அடங்க வழியுண்டு. எல்லாருக்கும் ஒரே அளவில் நடக்காது, அதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. வலிக்குக் காரணம் தெரிந்ததும் பயம் போய்விட்டது. வீட்டிலும் செய்ய ஆரம்பித்தோம், ஒரு நாள் என் கூடத்தில், ஒரு நாள் அவள் கூடத்தில்.

ஒரு காலையில் நான் பசியாறாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போத்தலைத் தூக்கினேன். கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் இருட்டியது. ஓரகத்தி என்னைத் தரையில் சாய்த்து, சீனி அள்ளிப்போட்ட தே ஓவை, பால் விடாத தேத்தண்ணியை, ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். "சாப்புடாம வீரம் காட்டுறியா? உனக்கு ஒண்ணுன்னா உம்புருசனுக்கு எவ பதில் சொல்றது?" என்று திட்டியபடியே என் முகத்தைத் துடைத்தாள். அன்றே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் அவள்தான். தசை இப்போது சர்க்கரையை நன்றாக இழுக்கிறது, பழைய அளவு மாத்திரை இனி அதிகம் என்று சொல்லி டாக்டரம்மா ஒன்றைக் குறைத்தார். சாப்பிடாமல் பயிற்சி செய்யக் கூடாது என்று இருவரையும் கண்டித்தார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அழற்சியைக் காட்டும் அளவும் குறைந்திருந்தது. "பயிற்சியாலயா, சாப்பாட்டைக் குறைச்சதாலயா, தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. அவருக்கு முடியாமல் இருக்கலாம். பயிற்சியால்தான், எனக்குச் சந்தேகமே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் பின்பக்கச் சாக்கடைக் காண் அடைத்துக்கொண்டு சேற்றுத் தண்ணீர் என் சமையற்கட்டுக்குள் ஏறியது. எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் கம்போங் ராஜாவில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார்கள். புதுசாக வாங்கிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் தரையில் இருந்தது. சத்தம் போட்டு ஓரகத்தியைக் கூப்பிட்டேன். கரண்டைப் பிடுங்கினோம், உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தோம். ஆளுக்கொரு பக்கம் குந்தினோம்.

"முதுக வளைக்காத. கால்ல தூக்கு" என்றாள்.

"தெரியும்க்கா. நீங்க தூக்குங்க."

முழங்கால் உயரச் சிமெண்ட் மேடையில் அது ஒரே மூச்சில் போய் உட்கார்ந்தது. தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி போட்டோம்.

மழை விட்டதும் ஆண்கள் வந்தார்கள். என் கணவர் மேடையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "யாரு வந்து தூக்கிக் குடுத்தா?"

ஓரகத்தி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே சொன்னாள்: "நாங்கதான். ஏன், எறக்கி வைக்கணுமா?"