புசல்லாவை பஸ்ஸும் என் ஒரே சினிமாப் பாட்டும்

மெட்டுப் போடுகிறவனுக்கு யோசனை சொல்லாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. நீங்களும் ஆர்மோனியப் பெட்டி சுமந்தவரென்றால் தலையாட்டுவீர்கள். பகலில் நான் கந்தோரில் கோப்புக் கட்டும் எழுதுவினைஞன், மாலையில் கண்டி மஹய்யாவ வீட்டில் இசையமைப்பாளன். எனக்கிருந்தது ஒரே ஆசை. நான் போட்ட மெட்டை ஒரு தியேட்டரில், சனத்தோடு சனமாக உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.

விட்டுப்போன சாமான்

முதலில் கிடைத்தது விளம்பரப் பாட்டு. மடவளையில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியார், ஒலிபெருக்கி கட்டிய வான் வண்டியில் ஊர் ஊராகப் போட ஒரு பாட்டுக் கேட்டார். சாரம், சேலை, சட்டைத்துணி, தலையணை உறை எல்லாவற்றையும் ஆனந்தபைரவியில் அடுக்கினேன். தலையணை உறையில் மட்டும் ராகம் கொஞ்சம் திணறியது. ஹாஜியார் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாட்டு நல்லாத்தான் ஈக்கி மாஸ்டர். குடைய உட்டுட்டீங்களே, அதுதானே நமக்கு ஓடுற சாமான்."

கேட்ட மாதிரி

வான் வண்டியில் போன அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் படக்காரர் என்னைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஆசிரியர். நாமே ஒரு தமிழ்ப்படம் எடுத்தால் என்ன என்று துணிந்தவர். தேயிலைத் தோட்டத்துக் கதை. நாயகி மலையில் பாடும் இடத்துக்கு ஒன்பது மெட்டுப் போட்டேன். எட்டைத் தள்ளிவிட்டு ஒன்பதாவதை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டும் கவலை தீரவில்லை.

"ஓம் மாஸ்டர், வடிவாத்தான் இருக்கு. ஆனா இந்தியப் படத்தில எங்கயும் கேட்ட மாதிரி இல்லையே, சனம் ஏற்குமோ?"

மூன்றாம் வரி

பின்பாட்டுக்குப் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் நான்கு பெண்களை அழைத்தோம். குரல் என்றால் அப்படிக் குரல். ஆனால் மூன்றாம் வரியின் நடுவில் நால்வரும் ஒன்றாக நிறுத்திவிடுவார்கள். தாளம் போட்டேன், கெஞ்சினேன், கோபித்தும் பார்த்தேன். அதே இடத்தில் அதே நிறுத்தம். வேறு வழியில்லாமல் அதை அப்படியே வைத்துப் பதிவு செய்தோம். பாட்டுக்கு உயிரே அங்கேதான் வந்தது. இன்றைக்கும் அந்த இடத்தை முணுமுணுத்தால் நானும் அங்கே நிறுத்திவிடுவேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று நால்வரில் ஒருத்தியான மாரியாயியிடம் கேட்க எனக்குப் பிறகுதான் தோன்றியது.

"கை நெறஞ்சிட்டா கொழுந்தக் கூடையில போடணும்ல சார், அப்ப யாரு பாடுவா?"

ஞாயிறு மாட்னி

படம் கண்டிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்னிக்குப் புது வேட்டி கட்டி, மனைவியோடு போனேன். திரையில் என் பெயர் வந்தபோது அவள் என் கையைக் கிள்ளினாள். நாயகி மலையேறினாள், வாயைத் திறந்தாள், அடுத்த கணம் கல்யாணப் பந்தலில் நின்றாள். பாட்டைக் காணோம்.

ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். அவர் சிங்களவர், மஹய்யாவயில் எங்களோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. படம் வந்த முதல் நாள் பாட்டுத் தொடங்கியதுமே, ஊர் திரும்பக் கடைசிப் புசல்லாவை பஸ்ஸைப் பிடிக்கப் பாதிச் சனம் எழுந்துவிட்டதாம். முதலாளி வெட்டச் சொல்லிவிட்டாராம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவர் சங்கடப்பட்டு, வெட்டிய பிலிம் சுருளை என் கையில் வைத்தார். படத்தின் ஓரமாக ஒலியும் பதிந்திருக்கும் அதன் நுனியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்தா ஓரத்துல கோடு கோடா நெளியுது பாருங்க மாஸ்டர், அதுதான் உங்க பாட்டு."

மற்ற இசையமைப்பாளர்கள் தங்கள் பாட்டைத் தியேட்டரில் கேட்டார்கள், நான் என் பாட்டைத் தியேட்டரில் பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.