மேடையில் செத்துப் பிழைத்தவர்

முதலில் உடைந்தது நிலைக்கண்ணாடி. ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில் ஊரில், வீட்டு பேஸ்மென்ரில் (நிலவறையில்) பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த என் கணவர் புரூனோ, ஒரு சுரம் தொண்டையிலேயே பிளந்துபோக, பியானோ முக்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தார். படிக்க வந்த பெண் அழுதுகொண்டு காருக்கு ஓடினாள். ஹீற்றரைத் திட்டினார், கனடாவின் வறண்ட காற்றைத் திட்டினார். தொண்டையை மட்டும் திட்டவில்லை.

இதே தொண்டை நோயோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

புரூனோ பெயர் பெற்ற இத்தாலிய ஒப்பராப் பாடகர் (ஒப்பரா என்பது முழுக்கப் பாட்டாலேயே நடிக்கும் நாடகம்). துறைமுகத்தில் மீன்பெட்டி சுமந்தவரின் மகன். தேவாலயத்தில் பாடத் தொடங்கி ஐரோப்பாவின் பெரிய அரங்குகள்வரை போனவர். கனத்த குரல்காரருக்குக் காதலன் வேடம் கொடுக்கமாட்டார்கள். அவர் கொடுங்கோலன், கொலைகாரன். கழுத்தை நெரிப்பார், குத்துவார், முடிவில் யாரிடமாவது குத்து வாங்கிச் சாவார். யாரையாவது கொல்லச் சொல்லும்போது, கழுத்துக்குக் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுப்பார். அதற்கே அரங்கம் நடுங்கும்.

ரொறன்ரோவுக்குப் பாட வந்தபோது நான் அந்த அரங்கில் உடுப்புப் பகுதியில் வேலை. தீவுப்பகுதிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், இத்தாலியனின் சட்டையில் பொய் இரத்தம் கழுவிக்கொண்டிருந்தேன். செத்து முடித்துத் திரைக்குப் பின்னால் வந்ததும் அவருக்கு அகோரப் பசி எடுக்கும். என் சோற்றுப் பெட்டியைக் காட்டித்தான் முதல் தமிழ்ச்சொல்லைக் கற்றார்: “பசிக்குது.” கலியாணத்துக்குப் பிறகும், ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் அதே சொல்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாடும் நாளில் பேசமாட்டார்கள், குரலைச் சேமிப்பார்கள். கை அசைவிலேயே அன்றைய வீடு நடக்கும். கண்ணாடி உடைந்த பிறகு, அந்தப் பனிக்காலத்தில், வரப்போகும் ஒரு பெரிய வேடத்தைச் சொல்லி, வாரக்கணக்காகப் பேசாமல் இருந்தார். தொண்டை அடைத்துப்போனதை அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளித்திருந்தார். நாங்களும் விரதம்போல அதை மதித்து, மெதுவாக நடந்து திரிந்தோம்.

காட்டிக்கொடுத்தது அவருடைய கைலேஞ்சி (கைக்குட்டை). பொய் இரத்தம் காய்ந்தாலும் சிவப்பாகவே கிடக்கும். கைலேஞ்சியில் இருந்த கறை பழுப்பாகியிருந்தது.

டொக்டர் ஒரு இளம்பெண். மூக்கு வழியாகக் குழாய்க் கமராவை விட்டுப் பார்த்தார். குரல்வளையில் (தொண்டையில் ஒலி பிறக்கும் பெட்டி) புற்றுநோய், முழுவதையும் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் அந்தக் குரல் போய்விடும். பிறகு கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான் போய்வரும். புரூனோ கருவித் தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். சுவரில் குத்தியதில் விரல் மூட்டு வெடித்தது. சாவு தனக்குப் பழக்கம், குரலோடேயே சாகிறேன் என்று அடைத்த குரலில் கத்தினார்.

வீட்டில் எங்கள் மகள் மரிசா, சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கச் சொல்லி, காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். அவளை உதறித் தள்ளினார். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையொன்றை அவர் காலடியில் போட்டு உடைத்தேன்.

“சாகிறதெண்டால் வெளியில போய்ச் சாவுங்கோ. பிள்ளைக்கு முன்னால வேண்டாம்.”

அவருக்குத் தமிழ் அரைகுறைதான். அன்று முழுக்க விளங்கியது.

சில நாளில், காலைச் சாப்பாட்டு மேசையில், அவருக்கு மூச்சு அடைத்தது. மேடையில் அவர் சாகும்போது நீளமான பாட்டு இருக்கும். இங்கே சத்தமே இல்லை. வாய் திறந்திருந்தது, காற்றுப் போகவில்லை. தன் கழுத்தைத் தானே பிறாண்டினார், மேசையை உதைத்துப் புரட்டினார். ஒட்சிசன் மாஸ்க்கோடு வந்த அம்புலன்ஸ்காரரின் கையைக் கடித்தார். மயக்கினால் உள்ள மூச்சும் நின்றுவிடும் என்று, ஆஸ்பத்திரியில் கழுத்தை மட்டும் விறைக்கப் பண்ணி, அவர் கண் திறந்திருக்கவே வெட்டிக் குழாய் வைத்தார்கள். காற்று உள்ளே பாய்ந்த சத்தம் கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

சாகிறேன் என்ற மனிதரின் உடம்பு, அவரைக் கேட்காமலே வாழ அடிபட்டிருந்தது.

மறுநாள் டொக்டர் வந்தபோது புரூனோ வீங்கிய முகத்தோடு அவரையே பார்த்திருந்தார். பிறகு விரலை எடுத்துக் கழுத்துக்குக் குறுக்கே அந்தக் கோட்டை இழுத்தார். மரிசா பதறிப்போய்க் கேட்டாள்: “அம்மா, டாட் இன்னும் சாகப் போறன் எண்டு சொல்றாரா?”

“இல்லை. வெட்டச் சொல்றார்.”

வெட்டினார்கள். பிறகு கதிர்வீச்சு, அவிந்த தோல், துளையில் பொங்கும் சளி. அந்தச் சளியை உறிஞ்சி எடுக்க நீங்களும் பழகவேண்டி வரும். அருவருப்பு இரண்டொரு நாளில் போய்விடும். மூக்கால் மூச்சில்லாததால் அவருக்கு வாசம் தெரியாது. என் குழம்பைக் கோப்பையோடு சுவரில் அடித்தார். சத்தம் போட முடியாத கோபம் கைக்கு வரும். நான் அடி வாங்கவில்லை, சுவர் வாங்கியது. அவரை வெறுத்த நாள்களும் உண்டு. பேசுவதற்கு ஒரு சின்ன வால்வு (துளையை விரலால் மூடினால் காற்றைத் தொண்டைக்குத் திருப்பும் அடைப்பு) பொருத்தினார்கள். அதைத் தொடவே மறுத்தார்.

முன்பு எங்கள் வீட்டில் காலம் என்றால் பாடும் நாள், பாடாத நாள். இப்போது ஒரு மூச்சும் அடுத்த மூச்சும்தான். அடுப்படியில் நின்றாலும் என் காது அவர் கழுத்தில் இருக்கிறது. என் மூச்சும் அதோடு சேர்ந்து நடக்கப் பழகிவிட்டது.

போன ஞாயிறு மரிசா யாரையும் கேட்காமல் அவருடைய பழைய இசைத்தட்டைப் போட்டாள். உடைக்கப்போகிறார் என்று நான் ஓடி வந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தட்டில் குரல் மூச்சு எடுத்த இடத்திலெல்லாம் கழுத்துத் துளையும் மூச்சு எடுத்தது. நீண்ட பாட்டு வரிக்கு மூச்சைப் பிடித்தார், நானும் பிடித்தேன். தட்டில் அவருடைய வேடத்துக்குக் குத்து விழுந்தது. குரல் தேய்ந்து அடங்க, அன்றைய அரங்கத்துச் சனம் கைதட்டியது.

அவர் எழுந்து நின்றார். விரலைத் தூக்கித் துளையை மூடினார். தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல் வந்தது.

“பசிக்குது.”