பண்டாரியின் மூக்கு

கௌஸ் முகைதீன் பிழைத்ததே மூக்கால்தான். அதிராம்பட்டினத்தில் பள்ளிவாசலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் சமைக்கும் பண்டாரியாக இருந்த காலத்தில், நோன்பு வைத்துக்கொண்டே ஆயிரம் பேருக்குக் கஞ்சி காய்ச்சுவார். நோன்பாளி நாக்கில் வைத்தா பார்ப்பார்? அண்டாவின் மேல் குனிந்து ஆவியை ஓர் இழுப்பு இழுப்பார். "உப்பு இன்னும் ரெண்டு கை போடு" என்பார். போட்டால் கச்சிதமாக இருக்கும். வளைகுடாவில் ருவைஸ் என்ற ஊருக்கு வந்து, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இன்ஜினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரரான பிறகும் அதே பழக்கம்தான். கௌஸ் பாய் மோந்து பார்த்துத் தலையசைத்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த மூக்கு 2020-ல் செத்துப்போனது. கொரோனா வந்து பதினாலு நாள் தனியறையில் கிடந்தார். காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பவில்லை. நாக்கும் கூடவே மரத்துப்போயிற்று. பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. ஊரிலிருக்கும் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸிடம்கூட இதைச் சொல்லவில்லை. சமையல்காரனுக்கு மூக்கில்லை என்று தெரிந்தால் அடுத்த வாரமே விசாவை கேன்சல் செய்து டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, இளையவள் ருமைஸா கல்யாணத்துக்கு நிற்கிறாள். ஆகவே உப்பைக் கரண்டிக் கணக்கில் போட்டார், சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து ருசியைத் தெரிந்துகொண்டார். மூடியைத் திறந்து மோந்து தலையசைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்களே! இப்படியே நாலு வருஷம் ஓட்டிவிட்டார். கெட்டிக்காரர்தான்.

இன்ஜினியர் கிளைட் சார் அந்த கெஸ்ட் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து மலைக்காட்டுக்காரர், அறுபத்து மூன்று வயது, பைபாஸ் ஆன நெஞ்சு, வளைகுடாவுக்கு வந்து பத்தொன்பது வருஷம். அம்மா செத்தபோதுகூட, ஆலையில் ஷட்டவுன் வேலை என்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம், ஊர்ச் சாப்பாடு. சனிக்கிழமை தோறும் இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி அபுதாபிக்குப் போவார். போர்டில் 'அமெரிக்கன்' என்று எழுதியிருக்கும் கடை ஒன்றையும் விடமாட்டார். சாயங்காலம் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்று புலம்புவார். பர்கர் விற்றால் அது அமெரிக்காவா, இவர்களில் எவனாவது என் ஊரைக் கண்ணால் பார்த்திருப்பானா என்று கத்துவார். அவர் தேடியது அம்மா செய்த பிஸ்கட்டும் கிரேவியும். முதல் தடவை அதைக் கேட்டபோது நம்மவர் தட்டில் டீ பிஸ்கட்டை அடுக்கி, கிண்ணத்தில் கறிக்குழம்பை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார். கிளைட் சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அவரே ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார். அந்த ஊர் பிஸ்கட் என்பது மாவில் மோர் விட்டுச் சேர்த்துச் சுடும் மெத்தென்ற ரொட்டி. கிரேவி என்பது மசாலாக் கொத்துக்கறியை வதக்கி, பால் விட்டுக் கொதிக்கவைத்த வெள்ளைக் குழம்பு. அங்கே அதற்குப் பன்றிக்கறி. அது இந்த அடுப்பில் ஏறாது என்று கௌஸ் பாய் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டதால் மாட்டுக்கறி என்று முடிவாயிற்று. மோருக்குக் கடையில் விற்கும் லபான். கறிக்கு சேஜ் என்று ஓர் இலை வேண்டுமாம். அதைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவருக்கு, சிரியாக்காரன் கடையில் டீயில் போடுகிற மரமியாதான் அது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர் கௌஸ் பாய். பரோட்டா அடித்த கை மாவைக் கண்டால் சும்மா இருக்குமா? அழுத்திப் பிசைந்துவிடும், பிஸ்கட் கல்லாக வரும். தொட்டும் தொடாமலும் சேர்த்தால் போதும் என்று கிளைட் சார் தலையிலடித்துக்கொள்வார். எட்டாவது வாரம் ஒரு வாய் வைத்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கைப்பக்குவம் என்று சொல்லி அழுதார். கௌஸ் பாயும் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். வைக்கோலைத் தின்ற மாதிரி இருந்தது.

"சூப்பர் சார்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு ஆலையிலிருக்கும் ஆறு அமெரிக்கர்களைக் கூப்பிட்டார் கிளைட் சார். வெள்ளிக்கிழமையே மூன்று கிலோ கொத்துக்கறி வந்து ஃப்ரீசரில் ஏறியது. விடிந்து பார்த்தால் ஃப்ரீசர் ட்ரிப் ஆகிக் கிடக்கிறது, தரையெல்லாம் தண்ணீர். எத்தனை மணிக்கு நின்றதென்று யாருக்கும் தெரியாது. ஸ்டோர்கீப்பர் சுரேஷ்குமார் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம், முப்பத்தைந்து வயதாகியும் முட்டைகூடத் தொடாதவன். கறித்தட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டே தூக்கி வந்தான்.

"பாய், எனக்கு எல்லாக் கறியும் ஒரே நாத்தந்தான். இது கெட்டுட்டா, நல்லாருக்கான்னு நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க."

கௌஸ் பாய் குனிந்து இழுத்தார். வெறும் காற்றுதான் வந்தது.

சந்தேகம் என்றால் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் எட்டு மணிக்கு ஏழு பேர் வந்து உட்காருவார்கள், வேறு கறி கிடையாது. ஏன் கொட்டினாய் என்று கேட்டால் நாறியது என்று சொல்ல வேண்டும். வேறு எவனாவது மோந்து, நல்லாத்தானே இருக்கு என்றுவிட்டால்? நாலு வருஷப் பொய் அங்கேயே நாறிவிடும் என்று பயந்தார். கறியின் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. ஃப்ரீசர் கறி அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லப்பா, நல்லாருக்கு."

சுரேஷ்குமார் நிம்மதியாகத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு மைதா எடுக்கப் போனான். அரை மணி நேரம் கழித்துத்தான் நினைவு வந்து அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். மிளகும் மரமியாவும் தூக்கலாகப் போட்டு வதக்கியதில் சாப்பிட்டவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. கிளைட் சார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மத்தியானத்துக்குள் ஏழு பேரும் படுத்துவிட்டார்கள். ஆறு பேர் ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு பிழைத்து வந்தார்கள். கிளைட் சாரின் நெஞ்சு தாங்கவில்லை, மூன்றாம் நாள் போய்விட்டார். பத்தொன்பது வருஷம் ஊருக்கு ஏங்கிய மனுஷனைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். கௌஸ் பாய் தொழுகை விரிப்பில் குப்புற விழுந்து அழுதார். கொன்றது யார் என்று அவருக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஹஸ்னைன் விசாரணை வைத்தார். கறி கெட்டிருந்தது என்று லேப் ரிப்போர்ட் வந்தாகிவிட்டது. முதலில் போன சுரேஷ்குமார், தட்டை வெளியே விட்டது தன் தப்பு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அடுத்தது கௌஸ் பாய். அன்று காலை யாராவது அந்தக் கறியை உங்களிடம் காட்டினார்களா என்று ஹஸ்னைன் ஹிந்தியில் கேட்டார். இதைவிட நேரான கேள்வி உலகத்தில் உண்டா?

"நஹி சாப்," என்றார் கௌஸ் முகைதீன்.

அடப் பாவி! நாலு வருஷம் மறைத்ததை வயிற்றுப்பாடு என்றாவது வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

சுரேஷ்குமாருக்கு விசா கேன்சல். விசாரணை முடிந்த ஐந்தாம் நாள் காலை ஏர்போர்ட்டுக்கு வேன் வந்து நின்றது. கௌஸ் பாய் அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

"உங்க பேர நான் எடுக்கவே இல்ல பாய்," என்றான் சுரேஷ்குமார். "நீங்க மோந்து பாக்கும்போது கறி நல்லாத்தான் இருந்துது. நாந்தான் கூறுகெட்டத்தனமா வெளிய வச்சுட்டேன். ஒரு மனுசனக் கொன்னுட்டேனே பாய்! கண்ண மூடுனா அவரு முகந்தான் வருது."

அதற்கு மேல் கௌஸ் பாயால் தாங்க முடியவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீ கொல்லலப்பா. எனக்கு மூக்கு செத்து நாலு வருசமாச்சு. அன்னைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

சுரேஷ்குமாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. அடிப்பான் என்று நினைத்தார் கௌஸ் பாய். அடித்திருந்தால்கூடத் தேவலை.

"ஹஸ்னைன் சார் ஆபீஸ்லதான் இருக்காரு," என்றான் அவன். "வாங்க, வந்து இத அவருகிட்ட சொல்லுங்க. நான் வேன நிறுத்தி வைக்கேன்."

"ருமைஸாவுக்கு நாள் குறிச்சாச்சு தம்பி..."

"எனக்கும் ரெண்டு புள்ளைய இருக்கு பாய்."

டிரைவர் ஹாரன் அடித்து "யல்லா, யல்லா!" என்று கத்தினான். ஆபீஸ் கதவு இருபதடி தூரத்தில் திறந்தே இருந்தது. உள்ளே ஹஸ்னைன் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பதுகூடத் தெரிந்தது. கௌஸ் முகைதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுரேஷ்குமார் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.