பாங்காக்கில் ஒரு பை சேலத்து ஜவ்வரிசி

ஜவ்வரிசிக்குள் பன்றிக்கறி வைத்து அவிப்பார்கள் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பாங்காக்கில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே, வாய்க்காலோரம் ஓர் அம்மாள் தினமும் அதைத்தான் விற்கிறாள். பளபளவென்று ஓர் உருண்டை, உள்ளே கறியும் வேர்க்கடலையும் வெல்லமும், கூடக் கடிக்கப் பச்சைமிளகாய். எங்கள் சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி என்றால் கலியாணத்துக்குப் பாயசம், காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி, அவ்வளவுதான். முதல் நாள் ஓர் உருண்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். ஊரில் எங்கள் குடும்பத்து ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடை அதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பண்டம் ஊசிப்போனதாக நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்ட அந்த அம்மாள், பதறிப்போய்ப் புதிதாக இரண்டை இலையில் வைத்துக் கொடுத்தாள். விளக்கிச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. அன்றிலிருந்து தினமும் எனக்கு இரண்டு கூடுதல். இப்படியும் ஒரு சம்பாத்தியம்.

வாடை என்றேன். ராசிபுரம் சாலையில் பஸ்ஸில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். கண்ணை மூடியிருந்தாலும் ஜவ்வரிசி ஆலை, எங்கள் பேச்சில் சேகோ ஆலை, வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை அரைத்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவைத் துணித் தொட்டிலில் ஆட்டி ஆட்டி மணியாக்கி, வறுத்துக் களத்தில் காயவைப்பார்கள். அப்பா இதைத் தொடங்கியது யுத்தக் காலத்தில். மலாயாவிலிருந்து ஜவ்வரிசி கொண்டுவந்த கப்பல்கள் நின்றுபோனதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்தச் சோற்றைத் தின்று சென்னையில் வணிகவியல் படித்த நான் இன்று செய்யும் வேலை, கப்பல்களை ஓடவைப்பது. ஆசிய நாடுகள் ஒன்றின் சரக்கை ஒன்று தடையில்லாமல் வாங்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அலுவலகம் எங்களுடையது. எந்தச் சரக்குக்கு எந்த நாடு கதவைத் திறக்கலாம் என்று ஆராய்ந்து குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. போன வருஷம் ஜவ்வரிசி என் மேசைக்கு வந்தது. இங்கே சயாமில் கிழங்கு மலிவு, மாவும் வெளுப்பு. இந்தியா கதவைத் திறந்தால், அப்பாவுக்குப் பிறகு அண்ணன் நடத்திவரும் ஆலை தாங்காது. "உங்கள் ஊர்ப் பண்டமாயிற்றே, வேறொருவரிடம் தரட்டுமா?" என்று கேட்டார் பிலிப்பைன்ஸ்காரரான என் மேலதிகாரி. வேண்டாம் என்றேன். வேறு யார் எழுதினாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

குறிப்பை எழுதுமுன் விடுப்பில் ஊருக்குப் போனேன். அண்ணனிடம் காட்டி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பெட்டியில் சயாம் ஜவ்வரிசி ஒரு பொட்டலம் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு அண்ணன் சவரிமுத்து என்னை ஆலைக்கு இழுத்துப் போனார். கிணற்றடி வயலை அழித்துப் புதிதாகச் சிமெண்டுக் களம் போட்டிருந்தார். வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது.

"எதுக்குங்ணா இத்தனை பெரிய களம்?" என்றேன்.

"என்னப்பா இப்பிடிக் கேக்கற? நீ அங்க வழி தொறந்து உட்டீன்னா நம்ம சரக்கு கப்பல்ல போவோணுமல்ல?"

"வழி தொறந்தா அங்கிருந்தும் வருமுங்ணா."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். களத்தில் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "கேட்டீங்களா என்ற தம்பி சொல்றத? நம்மூருக்கே சேகோ வருமாம்!" என்றார். அவர்களும் சிரித்தார்கள். "வரட்டுஞ் சாமி. நம்ம மாவுக்கு முன்னால எது நிக்கும்?" என்று என் தோளில் தட்டினார். சட்டையில் மாவுக் கை பதிந்தது. எது நிற்கும் என்பது என் பெட்டியில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. அண்ணனையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவன் அதிகாரியானால் அவன் போடும் ரோடு சொந்த ஊருக்குத்தான் வரும். அதே ரோட்டில் அசலூர்க்காரன் வண்டியும் வரும் என்று யார் நினைப்பார்கள்? அண்ணி கோழிக்குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு ரயிலேறினேன்.

திரும்பி வந்து, இந்தியா கதவைத் திறக்கலாம் என்று எழுதினேன். கணக்கு அப்படித்தான் சொன்னது. இன்று எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். கை நடுங்கியது, நெஞ்சு அடைத்தது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆசைதான். ஒன்றும் ஆகவில்லை. தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். ஒன்றும் ஆகாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டத்தில் நம் நாட்டுப் பிரதிநிதி என் குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களிடம் பல குடும்பங்களின் பிழைப்பு, திறக்க முடியாது" என்று சொல்லி அடுத்த பண்டத்துக்குப் போய்விட்டார். என் வேலை தோற்றது, அண்ணன் பிழைத்தார். சந்தோஷம் வருகிறதா, வருத்தம் வருகிறதா என்று காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை.

போன மாதம் கைலி வியாபாரமாக இங்கே வந்த, எங்கள் சேலத்துப் பக்கத்து ஜலகண்டாபுரத்துக்காரர் ஒருவர், அண்ணன் கொடுத்தனுப்பிய துணிப்பையோடு என்னைத் தேடி வந்தார். பை நிறைய ஜவ்வரிசி.

"ஏனுங்க, வெளிநாட்டுச் சேகோ உள்ள வராம நீங்கதான் தடுத்து உட்டீங்களாம். உங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாருங்க. உங்களுக்காகக் கோயில்ல பூசைகூட வெச்சாருங்க."

"நானில்லீங்க. வேற ஒருத்தர்."

"நீங்க இப்பிடித்தான் சொல்லுவீங்கன்னு அண்ணன் அப்பவே சொல்லிட்டாருங்க" என்று சிரித்தார்.

அண்ணனுக்கு, கதவைத் திறந்தாலும் என் தம்பி, சாத்தினாலும் என் தம்பி. அந்தப் பாசத்திடம் என்ன வாதாடுவது?

மறுநாள் மத்தியானம் பையை எடுத்துப்போய் வாய்க்காலோரத்து அம்மாளிடம் பிரித்து நீட்டினேன். எங்கள் ஊரிலும் இதைச் செய்கிறார்கள் என்று காட்டத்தான். இத்தனை நாள் கொடுத்த கூடுதல் உருண்டைகளுக்குக் கைம்மாறு என்று அவள் எடுத்துக்கொண்டாள். கைகூப்பி வணங்கி, நான் தடுப்பதற்குள் முழுவதையும் தன் தகர டப்பாவில் கொட்டிக் கையால் கலந்துவிட்டாள். குனிந்து பார்த்தேன். ஒன்று வெளுப்பு, ஒன்று மங்கல் என்று குறிப்பில் எழுதியவன் நான்தான். டப்பாவுக்குள் எது அண்ணனுடையது, எது இந்த ஊருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் வழக்கம்போல இரண்டைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தாள். முகர்வேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகராமல் தின்றேன்.