ஏரி மண்

அரியலூரில் ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு கட்டுவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். மண் எவ்வளவு கெட்டி என்று காட்ட, இன்ஜினியர் ஏரி மண் இருந்த ஒரு பையைப் பிரித்து எங்களிடம் கொடுத்தார். ஈரக் களிமண்ணின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

தண்ணீர் இல்லாமல் கிடந்த அந்த ஏரிக்குள்தான் அப்பா மண்சுவர் வைத்து வீடு கட்டினார். "ஏரி இடமாச்சுங்களே, தண்ணி வந்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"இத்தன வருஷமா வராத தண்ணி இப்பதான் வரப்போவுதா?" என்றார் அப்பா.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் வந்துவிட்டது. அம்மா வயலுக்குப் போயிருந்தாள். பரண் தம்பியை மட்டும்தான் தாங்கும். அப்பா அவனை அதில் உட்காரவைத்து, "அக்காவ ரோட்டுல வுட்டுட்டு வந்துடறேன், அசையாம இரு" என்றார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்தார். அவர் திரும்பிப் போனபோது சுவர் விழுந்திருந்தது.

இரண்டு நாள் வெறும் கையால் சேற்றைத் தோண்டி அவனை எடுத்தார். எத்தனை முறை சோப்பு போட்டும் நகத்திலிருந்து அந்த வாடை போகவில்லை என்பார். அதன் பிறகு எனக்கு அவர் சோறு ஊட்டவே இல்லை.

கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன்.

"அது மண்சுவரும்மா. இது கான்கிரீட்டு, ஒண்ணும் ஆவாது" என்றார் இன்ஜினியர்.

"உங்க மாடிக்கு ஆவாது சார். ஏரிய தூத்துட்டா தண்ணி எங்க வூட்டுக்குள்ளதானே வரும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இன்ஜினியர் மண் பையைச் சுருட்டிக் கட்டினார்.

வெளியே வரும்போது என் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டார்கள். தம்பியின் பெயரை யாரும் கேட்கவில்லை. அவன் பெயர் முருகேசன். அப்போது அவனுக்கு நாலு வயது.