பல்லடம் வரைக்கும் ஓடும் வண்டி

என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டுகிறவர். பெட்ரோல் விலை கண்டபடி ஏறிய சமயத்தில், ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்கு பேட்டரியில் ஓடும் வேன் செய்து கொடுத்தார். இன்ஜின் போன பழைய வண்டிதான். சீட்டுக்கு அடியில் வரிசையாக பேட்டரிகள். பல்லடம் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்களைக் கூட்டி வருவதற்காக.

"ராத்திரி சார்ஜ் போட்டா பல்லடம் போயிட்டுத் திரும்பலாமுங்க. அதுக்கு மேல தாங்காதுங்க" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நன்றாக ஓடினால் இன்னும் சில வண்டிகள் செய்யலாம் என்றார் முதலாளி. அது நடந்தால் இவருக்குச் சொந்தப் பட்டறை. இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

பூஜை போட்ட அன்று முதலாளி ஊரில் இல்லை. அவருடைய அம்மா, நாங்கள் ஆத்தா என்போம், குடும்பத்தோடு வந்து ஏறிக்கொண்டார். என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"சிவன்மலைக்கு உடு கண்ணு. புது வண்டிய சாமிகிட்டக் காட்டாம புள்ளைகள ஏத்துவாங்களா?"

"அத்தன தூரம் போவாதுங்க ஆத்தா."

"முருகன் இழுத்துக்குவான், நீ ஓட்டு."

இவர் சிரித்தார். "சரிங்க" என்றார். ஆத்தாவிடம் வேறென்ன சொல்ல முடியும்?

போகும்போது சத்தமே இல்லை. என் வளையல் சத்தம் எனக்கே கேட்டது. அடிவாரத்தில் தேங்காய் உடைத்துத் திரும்பினோம். ஆத்தா முருகன் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். இவர் பின்கழுத்தில் வேர்வை வழிந்தது. படியூர் தாண்டியதும் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது, பிறகு நின்றுவிட்டது.

வழியில் வந்த மாட்டு வண்டிக்காரர், "ஏனுங்க, மாட்டப் பூட்டட்டுங்களா?" என்றார். பூட்டித்தான் வந்தோம். கம்பெனி வாசலில் வேலை விட்டு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். "கரண்டு வண்டிக்குக் கொம்பு மொளச்சிருச்சு டோய்!"

மறுநாள் முதலாளி வந்தார். "வண்டிய நான் கொற சொல்லலீங்க. ஆனா சனம் சிரிச்சிருச்சுங்களே. இதுல எந்தப் புள்ள ஏறும்?" என்றார். டீசல் வண்டி வாங்குவதாகவும், நாளைக்கு பேட்டரிகளைக் கழற்றித் தரும்படியும் சொன்னார். இவர் தலையாட்டினார்.

வீட்டில் கேட்டேன். "ஆத்தாதான் போகச் சொன்னாங்கன்னு சொல்லியிருக்கலாமுங்களே?"

"அவரப் பெத்தவங்கள அவருகிட்டயே கொற சொல்றதா?"

பேட்டரி கழற்றுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வண்டிக்கு அன்று ராத்திரி வழக்கம்போல சார்ஜ் போட்டார். விடிவதற்குள் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அடுப்பும் பற்றவைத்துவிட்டேன். சத்தமில்லாத வண்டி என்பதால் வந்து நின்றது தெரியவில்லை. எட்டிப் பார்த்தபோது சக்கரத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பல்லடம் போயிட்டு வந்துட்டேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட இருக்குது."

தெருவில் யாரும் இல்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் குனிந்தார்.